லாக்ஸ்டன்: வேலி போடாத ஊர்

கேள்வி சுருக்கமாக இதுதான். இங்கிலாந்தில் லாக்ஸ்டன் என்றொரு சின்ன ஊரில் இன்னும் நடுக்கால முறைப்படி, வேலியே இல்லாத வயலில் விவசாயம் நடக்கிறதாமே, அது நிஜமா, இல்லை சுற்றுலாக்காரர்களுக்காக நடத்துகிற வேடிக்கையா? ஊரே சேர்ந்து பயிரிட்டு விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்கிறார்களா?

நிஜம்தான். வேடிக்கை கிடையாது. பங்கும் போடுவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏதோ கூட்டுப்பண்ணை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அவரவர் துண்டில் அவரவர் உழுது, விதைத்து, அறுத்து, அவரவர் களஞ்சியத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள். நஷ்டமும் அவரவருக்கே. ஊருக்குப் பொதுவாக இருப்பது இரண்டு: எந்த வருடம் எந்த வயலில் என்ன பயிர் என்கிற கணக்கு, அப்புறம் அதை மீறினால் அபராதம் போடுகிற ஊர் நீதிமன்றம். லாக்ஸ்டன் என்றால் இவைதான், மற்றதெல்லாம் இவற்றைச் சுற்றி வந்தவை.

ஊர் நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில், நியூவர்க்குக்கு வடமேற்கே, ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். பழைய ஆவணங்களில் லெக்சிங்டன் என்றும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் லெக்சிங்டன் இந்தப் பெயரிலிருந்து போனதுதான் என்று ஒரு கட்சி உண்டு, அதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

முதல் தடவை நான் போனபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மனதில் எருது பூட்டிய ஏர், முக்காடு போட்ட பெண்கள் என்று ஒரு படம். அங்கே நின்றது பச்சை நிற டிராக்டர். வயலும் சாதாரண வயல் மாதிரியே தெரிந்தது. அரை மணி நேரம் சேற்றில் நடந்த பிறகுதான் கண்ணில் பட்டது: இங்கிலாந்தின் கிராமப்புறம் என்றாலே நினைவுக்கு வருகிற அந்தக் குத்துச்செடி வேலிகள் இங்கே காணோம். மண் ஒரே விரிப்பாக மேடும் பள்ளமுமாக அடிவானம் வரை போகிறது. அந்த ஒரே விரிப்பு உண்மையில் பலருடைய துண்டுகள். ஒருவர் துண்டு எங்கே முடிந்து அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்பதற்கு வரப்புகூடக் கிடையாது, கடைக்கோடியில் ஒரு மரக்குச்சி மட்டும்.

சரி, முறைக்கு வருவோம். மூன்று பெரிய வயல்கள்: வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு. ஒன்றில் இலையுதிர் காலத்தில் விதைக்கிற குளிர்காலக் கோதுமை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கிற பார்லி மாதிரி ஏதாவது. மூன்றாவதை ஆறப்போடுவார்கள். அடுத்த வருடம் ஒரு இடம் நகரும், மூன்று வருடத்தில் ஒரு சுற்று. முன்பு ஆறப்போட்ட வயலில் ஆடுமாடு மேயும், சாணம் விழும், மண் தெம்பு பெறும். சில பத்தாண்டுகளாக அதை வெறுமனே போடாமல் தீவனப் பயிர் போட்டுக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள், ஏனென்றால் மூன்றில் ஒரு பங்கு நிலத்தைச் சும்மா விட்டுவிட்டு இன்றைக்கு ஒரு விவசாயியால் குத்தகை கட்ட முடியாது.

ஒவ்வொரு பண்ணைக்கும் மூன்று வயலிலும் துண்டு இருக்கும். இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கு மூன்று வருடத்தில் ஒரு தடவைதான் கோதுமை கிடைக்கும். துண்டுகள் சிதறிக் கிடப்பதற்கு இன்னொரு நியாயமும் சொல்வார்கள்: நல்ல மண், மோசமான மண், தண்ணீர் நிற்கிற பள்ளம் எல்லாம் எல்லாருக்கும் கலந்து வரும். இது கனத்த களிமண் பூமி, மழை நின்றால் கால் புதையும், அதனால் எந்த இடத்தில் துண்டு இருக்கிறது என்பது வாழ்வா சாவா என்கிற அளவுக்கு முக்கியமாக இருந்த காலம் ஒன்று உண்டு.

துண்டு ஏன் ஒல்லியாக, நீளமாக இருக்கிறது? கனமான கலப்பையை இழுக்கிற எருதுக் கூட்டத்தைத் திருப்புவது பெரும்பாடு. திருப்பம் குறைய வேண்டுமானால் சால் நீளமாக ஓட வேண்டும். அப்படி ஒரு சாலின் நீளம்தான் பர்லாங். ஆமாம், நம்மூரில் பெரியவர்கள் 'இங்கேயிருந்து ரெண்டு பர்லாங்கு' என்று வழி சொன்னார்களே, அதே பர்லாங். சொல்லின் பொருளே 'சால் நீளம்' என்பதுதான். 220 கஜம், சுமார் 200 மீட்டர். அதற்கு 22 கஜம் அகலம் கொடுத்தால் ஒரு ஏக்கர். நம் தாத்தாக்கள் நில அளவைக்காரரின் சங்கிலியோடு பழகிய ஏக்கருக்குப் பின்னால் ஏதோ ஒரு களிமண் வயலில் மூச்சு வாங்குகிற எருதுகள் இருந்தன என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஊரின் அமைப்பும் இந்த முறையால் வந்ததுதான். இங்கிலாந்தின் மற்ற இடங்களில் வேலி போட்டு நிலத்தை ஒரே கட்டாக்கிய பிறகு, விவசாயிகள் பலர் ஊரை விட்டுத் தங்கள் நிலத்தின் நடுவே போய் வீடு கட்டிக்கொண்டார்கள். தனித்தனியாக நிற்கும் பண்ணை வீடுகள் அப்படி வந்தவை. லாக்ஸ்டனில் நிலம் மூன்று திசையில் சிதறிக் கிடக்கும்போது நடுவே போய் உட்கார என்ன இருக்கிறது? அதனால் பண்ணை வீடுகள் எல்லாம் இன்றும் ஊர்த்தெருவிலேயே, செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக, பல வீடுகள் தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் தெரு வழியாகத்தான் வந்துபோக வேண்டும்.

இனி வரலாறு. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே ஊர் இருக்கிறது, அப்போது ஜெஃப்ரி ஆல்சலின் என்ற நார்மன் பிரபுவின் கையில். ஊருக்கு வடக்கே ஒரு பெரிய மண்மேடு இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டில் உச்சத்தில் இருந்த கோட்டையின் மிச்சம். கட்டடம் ஒன்றும் இல்லை, மேடும் அகழியும்தான், ஆனால் மண் வேலை அவ்வளவு தெளிவாக நிற்கிறது. அங்கே இருந்த டி கோ குடும்பத்துக்கும், பிறகு திருமண வழியில் வந்த எவரிங்ஹாம் குடும்பத்துக்கும் அரசருடைய ஷெர்வுட் காட்டைக் காக்கும் பரம்பரைப் பதவி இருந்தது. ராபின் ஹூட் கதையில் வரும் அதே காடுதான். 1280-களில் எவரிங்ஹாம் ஒருவர் காட்டுக் குற்றங்களில் மாட்டிக்கொண்டு அந்தப் பதவியை இழந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை, அதுவும் வேலியே இல்லாத ஊரில். அந்தக் குடும்பத்தாரின் சிலைகள் ஊர்த் தேவாலயத்தில் படுத்த கோலத்தில் இருக்கின்றன, அதில் ஒரு பெண்ணின் சிலை ஓக் மரத்தில் செய்தது. போனால் தவறவிடாதீர்கள்.

லாக்ஸ்டனை உலகம் தெரிந்துகொள்ளக் காரணமான சொத்து 1635-இல் வந்தது. அப்போது ஊரின் உடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டீன் என்ற லண்டன் வணிகர். சாதாரண ஆள் இல்லை. 1627-இல் பார்படோஸ் தீவில் குடியேற்றம் நடந்தது இவர் பணத்தில்தான். கடைசிக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியப் பக்கம் கப்பல் அனுப்ப முதலாம் சார்லஸ் மன்னரிடம் அனுமதி வாங்கிக் கம்பெனிக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். பெரும் கடனோடு 1636-இல் செத்தும் போனார். அந்த மனிதர் தன் கையிலிருக்கிற ஊரை அளந்து கொடுக்கும்படி மார்க் பியர்ஸ் என்ற அளவைக்காரரை அமர்த்தினார். பியர்ஸ் ஒவ்வொரு துண்டையும் அளந்து, எண் போட்டு, யாருடையது என்று தனியே ஒரு பதிவேடும் எழுதி, பெரிய வரைபடம் ஒன்று செய்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். வெறும் கோடுகளோடு நிறுத்தாமல் ஏர் ஓட்டுகிறவர்கள், கதிர் அறுக்கிறவர்கள், வேட்டைக்காரர்கள் என்று குட்டிக் குட்டி மனிதர்களையும் அங்கங்கே வரைந்து வைத்தார். மூலம் ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய வயலில் நடந்தால் பல பாதைகளும் வயலின் ஓரங்களும் ஒத்துப்போகும். வேறு எத்தனை ஊரில் அப்படி நடக்க முடியும்?

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி: மற்ற ஊர்களில் எல்லாம் போன முறை இங்கே மட்டும் எப்படித் தப்பியது?

மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் போட்டது. அவற்றின் கீழ் வந்தது 68 லட்சம் ஏக்கர். சிதறிய துண்டுகளைச் சேர்த்து ஒரே கட்டாக்கி, வேலி போட்டு, பொது மேய்ச்சல் உரிமைகளை நீக்கிவிட்டார்கள். விளைச்சல் கூடியது என்பார்கள், பல இடங்களில் கூடியதும் உண்மைதான். இரண்டு மாடும் பொது நிலத்தில் மேய்க்கும் உரிமையும் மட்டுமே வைத்திருந்தவன் கூலியாளாகி நகரத்துக்குப் போனான் என்பதும் உண்மைதான்.

லாக்ஸ்டன் விவசாயிகள் இதை எதிர்த்துப் போராடி முறையைக் காப்பாற்றினார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது அது இல்லை. ஊரின் பெரும்பகுதி கிங்ஸ்டன் பிரபுக்களிடம், பிறகு அவர்கள் வழிவந்த மேன்வர்ஸ் பிரபுக்களிடம் இருந்தது. இன்னொரு கணிசமான பங்கு ஸ்கார்பரோ பிரபுக்களிடம். வேலியடைக்க வேண்டுமானால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு நிலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒத்துவரவில்லை. பக்கத்து ஊர்களெல்லாம் வேலிக்குள் போன காலத்தில் இங்கே பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்கள், நடுப்பகுதி தங்கிவிட்டது. அப்புறம் 1870-களில் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்து தானிய விலை விழுந்தபோது, செலவு செய்து வேலி போட யாருக்கும் மனமில்லை. ஆக, ஊர் பிழைத்தது இரண்டு பிரபுக்களின் இழுபறியால், பிறகு கையில் காசில்லாததால்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கி எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். அதனால் இன்று இருப்பவை பியர்ஸ் அளந்த அதே துண்டுகள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எஞ்சிய திறந்த வயலும் ஐந்நூறு ஏக்கருக்கு முன்னே பின்னேதான். ஒவ்வொரு விவசாயிக்கும் இதற்கு வெளியே வேலி போட்ட நிலமும் இருக்கிறது, பிழைப்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. இதைச் சொல்லாமல் லாக்ஸ்டனைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பாதியை மறைக்கிறார்கள் என்பது என் கருத்து.

1930-களில் வரலாற்றாசிரியர்கள் கண்ணில் ஊர் பட்டது. அதற்குப் பிறகு தப்பியது தற்செயல் இல்லை, வேண்டுமென்றே காப்பாற்றினார்கள். 1952-இல் ஆறாவது மேன்வர்ஸ் பிரபு, முறையைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, எஸ்டேட்டை அரசின் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது கிரௌன் எஸ்டேட் என்ற அரசுடைமை நிறுவனத்திடம் போனது. 2018-இல் அவர்கள் விற்கப்போவதாகச் சொன்னபோது, அடுத்து வருகிற முதலாளி இந்தத் தலைவலியை எதற்குச் சுமக்கப்போகிறான் என்ற கவலை எழுந்தது. 2020-இல் வாங்கியது பக்கத்திலிருக்கும் தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பழைய மேன்வர்ஸ் குடும்பத்தாரின் எஸ்டேட்டே. 68 வருடம் சுற்றிவிட்டு நிலம் பழைய வீட்டுக்கே திரும்பியது.

இதில் எனக்கு உறுத்துகிற, அதே சமயம் சுவாரசியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பொதுமுறை விவசாயத்துக்கு எடுத்துக்காட்டு என்று கொண்டாடுகிற ஊரில் பெரும்பாலான விவசாயிகள் குத்தகைக்காரர்கள். நிலம் அவர்களுடையது கிடையாது. ஒருவேளை அதனால்தான் முறையே தப்பியதோ என்னவோ. ஒவ்வொருவரும் சொந்தக்காரராக இருந்திருந்தால் யாராவது ஒருவர் தன் துண்டுகளை விற்றிருப்பார், வாங்கியவர் வேலி போட்டிருப்பார், அதோடு கதை முடிந்திருக்கும். டெவனில் பிரான்டன் என்ற ஊரிலும், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் துண்டு நிலங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அங்கே இப்படிச் சேர்ந்து பயிர்ச்சுற்று நடத்துகிற நீதிமன்றம் இல்லை, துண்டுகள் மட்டும்தான் மிச்சம்.

நீதிமன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஊரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பெயர் கோர்ட் லீட். நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி வயலுக்குப் போகும். எல்லாரும் ஊர் விவசாயிகள், அல்லது விவசாயம் தெரிந்த ஊர்க்காரர்கள். அந்த வருடம் கோதுமை விதைத்த வயலை மட்டும் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு வயலுக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை முறை வரும். டிராக்டர் இழுக்கிற டிரெய்லரில் ஏறிப்போவார்கள், சுத்தியலும் முளைக்குச்சிகளும் கூடவே போகும். துண்டுக்குத் துண்டு இறங்கிப் பார்ப்பார்கள். எல்லைக்குச்சி விழுந்திருந்தால் புதிதாக அடிப்பார்கள். பாதையை யாராவது கடித்து உழுதிருக்கிறாரா? பொதுப் புல்நிலத்துக்குள் ஏர் போயிருக்கிறதா? பக்கத்துக்காரர் துண்டில் ஒரு சால் கூடுதலாக விழுந்திருக்கிறதா? வடிகாலைத் தூர்வாராமல் விட்டிருக்கிறாரா? களிமண் பூமி என்றேன் அல்லவா, ஒருவர் வடிகாலை அடைத்துவிட்டால் தண்ணீர் நிற்பது அடுத்தவர் கோதுமையில்.

முடிந்ததும் சேற்றுக் காலோடு டோவ்கோட் இன் என்ற ஊர் மதுக்கடையில் சாப்பாடு. அங்கே உட்கார்ந்து யார் யாருக்கு என்ன அபராதம் என்று பட்டியல் எழுதுவார்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் கோர்ட் லீட் கூடும், எஸ்டேட் சார்பில் ஒரு ஸ்டீவர்டு தலைமை தாங்குவார். பட்டியலைப் படிப்பார்கள், மறுப்பு இருந்தால் சொல்லலாம், அடுத்த வருடக் கோதுமை வயலுக்கான புது ஜூரி உறுதிமொழி எடுக்கும். அபராதம் சில பவுண்டுதான். தொகை யாருக்கும் வலிக்காது. ஆனால் ஊரார் பன்னிரண்டு பேர் உங்கள் துண்டின் ஓரத்தில் நின்று 'இவன் அரை அடி தள்ளி உழுதிருக்கிறான்' என்று எழுதி, அதைக் கூட்டத்தில் உங்கள் பெயரோடு படிப்பது வலிக்கும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குப் போன வருடம் நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

இது சடங்குதானே என்று கேட்கலாம். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. இங்கிலாந்தில் இப்படிப் பழைய ஊர் நீதிமன்றங்கள் இன்னும் சில உண்டு, பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை அங்கி மாட்டிக்கொண்டு விருந்து சாப்பிடுகிற கூட்டங்கள். 1977-ஆம் வருட நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் சட்ட அதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. விசாரிக்க நிஜமாகவே வயல் இருந்தது இந்த ஊரில்தான்.

பொதுப் புல்நிலம் என்றேனே, அதை அங்கே சைக்ஸ் என்கிறார்கள். வயல்களுக்கு நடுவே உழ முடியாத பள்ளங்கள், சரிவுகள். நூற்றாண்டுகளாக ஏர் படாததாலும் நவீன உரம் கொட்டாததாலும் பழைய காட்டுப் பூக்கள் அங்கே நிறைய. இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவற்றைக் காக்கிறார்கள். ஜூன் மாதத்தில் போனால் அதுதான் ஊரிலேயே அழகான இடம். யாரும் பூ வளர்க்க வேண்டும் என்று நினைத்து விடவில்லை, டிராக்டர் திரும்பாது என்று விட்டார்கள், அவ்வளவுதான்.

இன்றைய ஊரில் விவசாயம் மட்டும் இல்லை. பலர் வெளியே வேலைக்குப் போகிறவர்கள், வயலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. விவசாயக் குடும்பங்களின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. சின்னத் துண்டுகளில் பெரிய அறுவடை இயந்திரத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவதும், பயிரைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாததும் நிஜமான தொல்லைகள். இன்னொரு முக்கியமான விஷயம், நாஜிகளின் யூத இனப்படுகொலையை நினைவுகூரும் தேசிய மையமும் அருங்காட்சியகமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஒரு பழைய பண்ணை வீட்டில் 1995-இல் திறந்தார்கள். ரோஜாத் தோட்டம் ஒன்று உண்டு. வயலைப் பார்க்க வந்தவர்கள் அங்கே போய்விட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருவது பெரும்பாலும் அதற்குத்தான், மூன்று வயலுக்கு இல்லை.

போவதென்றால் மதுக்கடைக்குப் பின்னால் இருக்கிற சிறிய கண்காட்சியை முதலில் பாருங்கள், இல்லையென்றால் வயலில் என்ன பார்ப்பது என்றே தெரியாது. அப்புறம் கோட்டை மேடு, தேவாலயம், பிறகு சைக்ஸ் வழியாக வெஸ்ட் ஃபீல்டு. நடக்கப் பாதைகள் இருக்கின்றன, நல்ல பூட்ஸ் கட்டாயம். குளிர்காலத்தில் போனால் துண்டுகளின் கடைசியில் ஒரு மரக்குச்சி மண்ணோடு மண்ணாக நிற்கும். பார்த்துக்கொள்ளுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், நினைவுக்கு இருக்கட்டும் என்று பிடுங்கி மட்டும் வந்துவிடாதீர்கள். அடுத்த நவம்பரில் பன்னிரண்டு பேர் அந்த இடத்தில் நின்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.